களைத்துப்போன போதகரைச் சபை தாங்குவது எப்படி?

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துச் சேகரம் (ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள ஆலயங்களின் தொகுதி) ஒன்றின் கமிட்டி உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தங்கள் போதகர் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் ஓடி ஓடி உழைத்தவர், கடந்த ஓராண்டாக வீடு சந்திப்பைத் தவிர்க்கிறார். பழைய பிரசங்கங்களையே திரும்பச் செய்கிறார். சிறு பேச்சுக்கும் எரிந்து விழுகிறார். அண்மையில் பொருளாளரிடம், "ராஜினாமா கடிதம் எழுதி மேசையில்தான் வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். சபையில் ஒரு சாரார் உபவாச ஜெபம் வைக்கலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார் குடும்பத்தோடு ஒரு வாரம் கொடைக்கானலுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். மற்றவர்கள் பேராயருக்கு மனு எழுதி மாற்றிவிடலாம் என்கிறார்கள். இவற்றில் எது சரி என்பது கேள்வி. கூடலூர்ப் பக்கம் தங்கள் சபை ஆதரிக்கும் மிஷனரி குடும்பமும் இதே நிலையில் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

ஜெபமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இவை இரண்டையும் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வரும்போது பழைய சுமை அப்படியே வாசலில் காத்திருக்குமானால், மூன்று மாதத்தில் அதே கடிதம் மறுபடியும் மேசைக்கு வந்துவிடும். ஆகவே போதகரை என்ன செய்வது என்பதைவிட, அவருடைய வேலையை என்ன செய்வது என்பதையே கமிட்டி முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து.

மலையில் ஓய்வு என்பது நம் திருச்சபைகளுக்குப் பழைய மருந்து. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த பிறகுதான் 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். பிற்காலத்தில் அங்கே கோடைக்காலம் முழுவதும் மிஷனரி குடும்பங்கள் கூடின. அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் பள்ளிக்கூடமும் வந்தது. அந்த ஏற்பாடு பல உயிர்களைக் காத்தது. இருந்தாலும் உடலின் காய்ச்சலுக்குப் பலித்த மருந்து மனத்தின் களைப்புக்கு முழுமையாகப் பலிப்பதில்லை. 1907இல் இந்தியாவுக்கு வந்த மெதடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நிலைகுலைந்தார். மலைக்குப் போய் ஓய்வெடுப்பார்; சமவெளிக்கு இறங்கி வேலையைத் தொட்டதும் மறுபடியும் விழுவார். இறுதியில் லக்னோவில் ஜெபத்தில் கிடைத்த அனுபவமே தம்மை நிமிர்த்தியது என்று அவர் சாட்சி சொன்னார். அதே ஜோன்ஸ்தான் 1950இல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மையத்தையும் நிறுவினார். ஜெபம் போதுமே, மருத்துவர் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துப்பார்க்க வேண்டும்.

நீலகிரிப் போதகருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஊரே ஓய்வுக்காக ஏறி வரும் இடத்தில்தான் அவர் வேலை செய்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் அவர் வீடு சத்திரமாகிவிடுகிறது. முன்பு இருந்த சேகரத்துக் குடும்பங்கள், தூரத்து உறவினர்கள், இறையியல் கல்லூரியில் உடன் படித்தவர்கள் என்று, "ஐயா, ரெண்டு நாள் தங்கிட்டுப் போறோம்" என்று தொடங்கும் தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கே இராது. வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்த பிறகு அதை எடுத்துத் தரும் வேலையையும் சிலர் அவர் தலையில் கட்டுகிறார்கள். அவரால் மறுக்க முடியாது. "போதகர் விருந்தினரை ஏற்கவில்லை" என்ற பேச்சு பேருந்தைவிட வேகமாக மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி, இந்தக் களைப்பு எத்தகையது என்று பார்ப்போம். 1974இல் நியூயார்க் மனநல வல்லுநர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இதை 'பர்ன் அவுட்' என்ற பெயரில் முதலில் விவரித்து எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் இலவச மருத்துவ மையத்தில் சேவை மனப்பான்மையோடு உழைத்தவர்களே. சோம்பேறிகளுக்கு இது வருவதில்லை. அர்ப்பணிப்போடு உழைப்பவர்களுக்கே வருகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் நெடுங்காலம் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்து, மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது: சக்தி வற்றிப்போதல், வேலையின்மேல் விலகலும் கசப்பும் ஏற்படுதல், செய்வது எதுவும் பலன் தரவில்லை என்ற உணர்வு. உங்கள் போதகரிடம் இந்த மூன்றுமே தெரிகின்றன. வீடு சந்திப்பைத் தவிர்ப்பதைச் சபை அலட்சியம் என்று படிக்கிறது; என் பார்வையில் அது இரண்டாவது அடையாளம். இன்னொருவருடைய துக்கத்தைக் கேட்பதற்கு அவருக்குள் இடம் இல்லை.

அந்த இடம் எப்படி இல்லாமல் போகிறது என்பதை அறிய, மூன்று ஆலயங்கள் உள்ள ஒரு சேகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கவனித்தால் போதும். காலை ஏழரை மணிக்கு முதல் ஆராதனை. அங்கி நனையாமல் பாலித்தீன் பையில் சுருட்டிக்கொண்டு, கிடைத்த ஜீப்பில் ஏறிப் பத்தரை மணிக்கு அடுத்த ஆலயம். முடிந்ததும் வாசலில் ஆறேழு பேர் காத்திருப்பார்கள்: ஒருவருக்கு ஞானஸ்நானச் சான்றிதழ், ஒருவருக்கு மகனின் திருமண அறிவிப்பு ஓலை, ஒருவருக்குக் கல்லறைத் தோட்ட வழித் தகராறு. சோறு ஆறிப்போய் மூன்று மணிக்கு. நான்கு மணிக்கு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீட்டு ஜெபம். அங்கே பச்சைத் தேயிலை விலை இறங்கியது, கோவைக்கு வேலைக்குப் போன மகன் பணம் அனுப்பாதது, குடித்துவிட்டு வரும் கணவர் என்று எல்லாக் கண்ணீரும் அவர் மடியில் விழும். இரவு எட்டு மணிக்கு ஒரு மரணச் செய்தி. மறுநாள் அடக்க ஆராதனை. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் இதில் பாதித் தூரம் நடை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, துக்க வீடுகளுக்குள் நடந்து போனவர்களில் சபை ஊழியர்களும் உண்டு. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பிறகு எத்தனை கமிட்டிகள் கேட்டன?

இத்தனைக்கும் நாம் ஈடாகக் கொடுப்பது பெரும்பாலும் பொன்னாடை. ஆண்டு விழாவுக்கு ஒன்று, அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. பீரோ நிறைந்துவிடும். அந்தச் செலவில் ஒரு வாடகை ஜீப்பை மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏற்பாடு செய்து தந்தால் அவருக்கு மதியச் சாப்பாடாவது சூடாகக் கிடைக்கும்.

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை உங்கள் கமிட்டி ஒருமுறை சேர்ந்து வாசிப்பது நல்லது. "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது" என்று மோசே முறையிடுகிறார். தம்மைக் கொன்றுபோடும்படியே கேட்கிறார். அவருக்கு வந்த பதிலில் விசுவாசக் குறைவு என்ற கண்டனம் இல்லை. மூப்பர்களில் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உன்னோடு பாரத்தைச் சுமப்பார்கள் என்பதே பதில். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோதும் முதலில் தூக்கம், பிறகு சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடியும் தூக்கம், மறுபடியும் உணவு. பேச்சு அதற்குப் பிறகுதான், அதுவும் நாற்பது நாள் நடைக்குப் பிறகு. அந்தப் பேச்சின் முடிவில் எலிசா என்ற துணையாள் கிடைக்கிறார். நம் சபைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது: முதல் நாளே ஒரு மூத்தவர் போய் உட்கார்ந்து, "ஐயா, நீங்களே இப்படிச் சோர்ந்துபோகலாமா?" என்று கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். உற்சாகப்படுத்துவதாக நினைத்துக் கேட்பதுதான். ஆனால் போதகர் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும்.

ஆகவே கமிட்டி செய்ய வேண்டியது, அவர் இல்லாமலே ஓரிரண்டு வேலைகள் நடக்கும்படி செய்வது. வாரத்தில் ஒரு நாள் அவருக்கு முழு ஓய்வு என்று தீர்மானம் எழுதி, அதை ஆலயத்தில் அறிவிப்பாகவே வாசிக்க வேண்டும். திங்கள்கிழமை பெரும்பாலும் பொருந்தும். அறிவிக்காத ஓய்வு நாள் ஓய்வு நாளாக நிலைப்பதில்லை. அவர் வாங்கிக்கொண்டதாக இருந்தால் முணுமுணுப்பு வரும், சபை கொடுத்ததாக இருந்தால் வராது. இரவு ஒன்பது மணிக்குமேல் வரும் அழைப்புகளை மரணம், மருத்துவமனை ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு ஒரு மூப்பரின் எண்ணுக்குத் திருப்பிவிடலாம். வீட்டு ஜெபங்களைப் பகுதிவாரியாக மூப்பர்களும் பெண்கள் ஐக்கியத்தாரும் நடத்தட்டும். போதகர் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பகுதிக்கும் வந்தால் போதும். சான்றிதழ், பதிவேடு, கட்டடக் கணக்கு, மின்கட்டணம் போன்றவற்றைச் செயலரும் பொருளாளரும் எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் சேகரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் இல்லாமல் இருக்க மாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பு வரும். "போதகர் வந்து ஜெபித்தால்தான் ஜெபம்" என்று நினைப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்களோடு வாதாடும் வேலையையும் போதகரிடம் தள்ளாமல் கமிட்டியே செய்ய வேண்டும். சில வேளைகளில் எதிர்ப்பு போதகரிடமிருந்தே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்ற எண்ணம் களைப்பின் காரணமாகவும் இருக்கிறது, களைத்தவருக்கு மீதியிருக்கும் ஒரே பெருமையாகவும் இருக்கிறது. வேலையைப் பிடுங்குகிறோம் என்று அவருக்குத் தோன்றாதபடி, எதை முதலில் கைமாற்றலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கும்படி விடுங்கள்.

அடுத்தது, அவர் மனம்விட்டுப் பேச ஓர் ஆள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். போதகர் எல்லாருடைய இரகசியத்தையும் கேட்கிறார். அவருடைய இரகசியத்தைக் கேட்க அந்த ஊரில் எவரும் இல்லை. பேராயரிடம் சொன்னால் மாறுதல் பட்டியலில் பெயர் வரும் என்ற பயம். சக போதகரிடம் சொன்னால் போட்டி. சபையாரிடம் சொன்னால் ஜெபக்குறிப்பாக மாறி, "ஐயாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், மனம் சரியில்லையாம்" என்று அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அக்கறையின் பெயரால் நடக்கும் இந்தக் கசிவு எத்தனையோ போதகர்களின் வாயை நிரந்தரமாகக் கட்டியிருக்கிறது. ஆகவே அவருடைய மாறுதலிலும் சம்பளத்திலும் எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் வேண்டும்: ஓய்வுபெற்ற ஒரு போதகர், வேறு திருச்சபைப் பிரிவைச் சேர்ந்த ஒரு குருவானவர், அல்லது பயிற்சி பெற்ற ஆலோசகர். மாதம் ஒருமுறை கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ இறங்கி அவரைச் சந்தித்துவர வண்டிச் செலவைச் சபை கொடுக்கட்டும். என்ன பேசினீர்கள் என்று எவரும் கேட்கக்கூடாது.

மருத்துவரைப் பார்ப்பதையும் தள்ளிப்போட வேண்டாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஆகியவையும் இதே களைப்பைத் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஓய்வு கொடுத்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. ஊட்டியில் மனநல மருத்துவரின் வாசலில் தெரிந்தவர் கண்ணில் படக் கூசுகிறார் என்றால் கோவைக்குப் போகலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. "கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் நல்லது" என்பதுபோல அவர் பேசினால், அதைப் பக்தி மொழி என்று கடந்து போகாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று தனிமையில் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. வருகிறது என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அரசின் டெலி மனாஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

போதகரின் மனைவியைப் பற்றிக் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லை. பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி, வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் என்று, சம்பளம் இல்லாமல் அவர் பார்க்கும் வேலை ஒரு முழுநேர வேலை. பிள்ளைகள் சமவெளியில் விடுதியில் படித்தால் வீடு இன்னும் வெறிச்சோடிவிடும். வேதத்தை இந்திய மொழிகளில் மொழிபெயர்த்த மிஷனரி வில்லியம் கேரியின் மனைவி டாரதி, 1793இல் விருப்பமின்றியே வங்காளத்துக்கு வந்தவர், மறுஆண்டு மகன் பீட்டர் இறந்தபின் மனநிலை குலைந்து, 1807இல் இறக்கும்வரை மீளவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைக் கொண்டாடும் நாம் அடுத்த அறையில் தவித்த டாரதியைப் பற்றிப் பேசுவது குறைவு. சபையிலிருந்து இரண்டு பெண்கள் போதகர் வீட்டு அம்மாவை வேலை ஏதும் கொடுக்காமல் சும்மா போய்ப் பார்த்து வரட்டும். அவர் செய்யும் பொறுப்புகளில் எது அவருக்குப் பிடித்தது, எது பிடிக்காதது என்று கேட்டு, பிடிக்காததை வேறொருவருக்கு மாற்றட்டும்.

கூடலூர்ப் பக்கத்து மிஷனரி குடும்பத்தின் நிலை சற்று வேறு. சேகரப் போதகரைக் கூட்டம் களைக்கச் செய்கிறது. மிஷனரியைத் தனிமை களைக்கச் செய்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவருக்குத் தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வெயிலே இல்லாத பந்தலூரும் தேவாலாவும் வேறு உலகம். துணி காயாது, அட்டை கடிக்கும், மின்சாரம் போனால் எப்போது வரும் என்று தெரியாது, அந்தி சாய்ந்தால் யானைக்குப் பயந்து வெளியே இறங்க முடியாது. பழங்குடியினரான பணியரிடமோ காட்டுநாயக்கரிடமோ அவர்கள் மொழியைக் கற்று, நம்பிக்கையைப் பெற்று, ஒரு பிள்ளையைத் தொடர்ந்து பள்ளிக்கு அனுப்ப வைப்பதற்கே ஆண்டுகள் பிடிக்கும். இந்த நிலையில் ஆதரிக்கும் சபைகள் மாதந்தோறும் கேட்பது ஓர் எண்ணிக்கை: இந்த மாதம் எத்தனை பேர்? அறிக்கையில் எழுத எதுவும் இல்லாத மாதங்களே அவர்களை உடைக்கின்றன. 1840களில் ஊட்டிக்கு அருகே கேத்தியில் பணி தொடங்கிய சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன், நீலகிரியின் படகர் சமூகத்தார் நடுவில் முதல் ஞானஸ்நானத்தைப் பார்த்தது 1858இல்தான். இன்றைய மாத அறிக்கைப் படிவம் அன்று இருந்திருந்தால் அந்தப் பணித்தளம் இரண்டாம் ஆண்டிலேயே மூடப்பட்டிருக்கும். எண்ணிக்கைக் கட்டத்தை எடுத்துவிட்டு, "இந்த மாதம் உங்களுக்கு எது கடினமாக இருந்தது, எங்களிடமிருந்து என்ன வேண்டும்?" என்று இரண்டு வரி கேளுங்கள்.

பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். மிஷனரிக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் இந்த அளவிலானதே: ஒழுகாத கூரை, நல்ல கம்பளி, முழங்கால் ரப்பர் பூட்ஸ், அவசர விளக்கு, ஒரு மருத்துவக் காப்பீடு. சபையிலிருந்து இருவர் ஆண்டுக்கு ஓரிரு முறை நேரில் போய், இரண்டு நாள் தங்கி, கூடவே நடந்து, பார்த்துவிட்டு வரட்டும். புகைப்படம் எடுக்கும் இருபது பேர் வேனில் போய் அவர் வீட்டில் மதிய உணவு சாப்பிட்டுத் திரும்பும் பயணத்தை நான் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: பேராயத்துக்கு உட்பட்ட போதகருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் ஏதோ ஒரு வகையில் இருக்கும், சுயாதீன சபை ஊழியருக்கும் சிறு மிஷன்களின் பணியாளருக்கும் பல இடங்களில் வைப்புநிதிகூட இல்லை. தேதி தவறிவரும் சம்பளம், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஓய்வுபெறும் நாளில் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கேள்வி ஆகிய மூன்றும் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பவை. இவற்றைப் பொருளாளர் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டாலே பாதி தீர்ந்துவிடும்.

இனி மூன்று யோசனைகளுக்கும் நேரடியான பதில். மாறுதல் மனு இப்போது வேண்டாம். அவர் களைப்பை அப்படியே வேறொரு மலைக்கோ சமவெளிக்கோ சுமந்துபோவார். உங்களுக்கு வரும் புதியவர் அதே மூன்று ஆலயங்களையும் அதே ஜீப்பையும் ஏற்று, சில ஆண்டுகளில் அதே இடத்துக்கு வந்து சேர்வார். இப்போதுள்ள போதகரே, சுமை குறைந்து, உடல் தேறிய பிறகும் மாறுதல் கேட்டால் மனமுவந்து அனுப்பிவிடுங்கள். உபவாச ஜெபம் வையுங்கள், ஆனால் அவரை நடத்தச் சொல்லாதீர்கள். அவர் பெயரைத் தலைப்பாக அறிவிக்கவும் வேண்டாம். கொடைக்கானலுக்கு ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று அல்லது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். எங்கே போவது என்பதை அந்தக் குடும்பம் தீர்மானிக்கட்டும். ஆண்டு முழுவதும் குளிரில் இருப்பவர்களுக்குச் சொந்த ஊர் வெயிலே பிடித்தமானதாக இருக்கலாம். அங்கே எந்த ஆலயத்திலும் "ஒரு செய்தி கொடுங்கள் ஐயா" என்று கேட்காதபடி, விடுப்பு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அந்த ஞாயிறுகளுக்கு மாற்றுப் போதகரைப் பேராயத்தின் மூலம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து, ஓய்வு நாள், அழைப்புகள், வீட்டு ஜெபம் ஆகியவை பற்றிய தீர்மானங்களை அவர் ஊரில் இல்லாத அந்த வாரங்களிலேயே கமிட்டிக் குறிப்பேட்டில் எழுதி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அக்டோபரில் மழை தொடங்கி, அதன் பின்னே கிறிஸ்துமஸ் வேலைகளும் சேர்ந்துகொண்டால் யாருக்கும் நேரம் இராது. ஆகவே செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.